சிவக்கிற கம்பிக்கு ஒரு தோல்

காயில் அடுப்பின் சுவிட்சைப் போட்டதும் கம்பி மெல்லச் சிவந்து வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நிறம் வரும்போது அதன் சூடு எண்ணூறு டிகிரியைத் தொட்டிருக்கும். மேலே மூடி இல்லை, கண்ணாடி இல்லை, சுற்றிலும் திறந்த காற்று. சாதாரணக் கட்டுக்கம்பியை இந்தச் சூட்டில் வைத்தால் கறுத்து, செதில் செதிலாக உதிர்ந்து, சீக்கிரமே அறுந்துவிடும். பழைய குண்டு பல்பின் இழைக்குக் காற்றே ஆகாது. கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்து காற்று உள்ளே போனால் போதும், சுவிட்சைப் போட்ட நொடியில் வெண்புகை விட்டு முடிந்துவிடும். காயில் மட்டும் அதே காற்றில் நெருப்பாய்க் கிடந்து, தினமும் சோறு பொங்கிக் கொடுத்து, வருஷக்கணக்கில் நிற்கிறது. அது ஏன் எரிந்து போவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தருமபுரியில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். மேசைக்கு வருகிற காயில் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர் ராடு எதுவாக இருந்தாலும், பழுதைத் தேடிப் போனால் கடைசியில் இந்தக் கேள்வியின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு விடை தெரிந்தவருக்குப் பாதிப் பழுதுகள் கண்ணாலேயே தெரிந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விடை குரோமியத்தில் இருக்கிறது. காயில் கம்பி நிக்ரோம். நல்ல வகையில் எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். முதல்முறை சூடேறும்போதே மேலே இருக்கிற குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு படலம் ஆகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, ஆனால் கெட்டி. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அதற்குமேல் ஆக்சிஜனை உள்ளே விடாது. இரும்பிலும் துரு பிடிக்கிறது, ஆனால் அது பொருபொருவென்று இருக்கும், உதிரும், உள்ளே இருக்கிற இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். குரோமியத்தின் துரு கம்பிக்குத் தோல். கீறல் விழுந்தால், சூடு இருக்கிற வரை, தானே மறுபடி வளர்ந்து மூடிக்கொள்ளும்.

நிக்ரோமைக் கண்டுபிடித்தவர் ஆல்பர்ட் மார்ஷ் என்கிற அமெரிக்கர். 1906-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் மின்சாரத்தில் சூடு உண்டாக்கத் தெரியாமல் இல்லை. சிவந்தும் அறுந்து போகாத, விலை கட்டுப்படியாகிற கம்பிதான் இல்லை. ரொட்டி சுடும் டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, ரூம் ஹீட்டர் எல்லாம் வீட்டுச் சாமான் ஆனது அதற்கப்புறம்தான். 1930-களில் சுவீடனிலிருந்து கந்தால் வந்தது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. அதன் மேல் வளர்கிற தோல் அலுமினாவால் ஆனது, நிக்ரோமின் தோலைவிட இன்னும் கெட்டி, மின்சாரத்தையும் கடத்தாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இரும்பு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 2004 வரை தருமபுரி மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், மயிலாடும்பாறையில், நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய இரும்பு கிடைத்ததாக 2022-இல் அறிவித்தார்கள். பக்கத்தில் சேலம் உருக்காலை 1981-இலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிறது. அந்த எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காததற்கும் காயில் எரியாததற்கும் காரணம் ஒன்றுதான்: குரோமியம் போர்த்துகிற தோல். பாத்திரத்தில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருந்தால் 304 என்று நல்ல பெயர். நான்காயிரம் வருஷமாக இரும்போடு பழகிய மண்ணில் நின்று இந்த ஒரு படலத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

சரி, அடுப்புக்கு வருவோம். ஓசூர், பெங்களூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் ரூம்களில் இன்னும் காயில் அடுப்புதான் ஓடுகிறது. சிலிண்டருக்குப்போல முகவரிச் சான்று வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்புபோலத் தனிப் பாத்திரம் வேண்டாம், விலையும் குறைவு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பையில் போட்டு எடுத்து வந்து, "அண்ணா, காயில் மட்டும் மாத்திக் குடுங்க, திங்கக்கிழமை போகணும்" என்பார்கள்.

காயில் மாற்றுவது சுலபமான வேலை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சுருட்டிய காயில் கடையில் கிடைக்கிறது, இழுத்து நீட்டி, பீங்கான் தட்டின் பள்ளத்தில் பதித்து, ரெண்டு முனையையும் ஸ்க்ரூவில் முறுக்கினால் முடிந்தது. முடிந்ததுதான். ஆனால் அந்த இழுத்து நீட்டுகிற இடத்தில்தான் காயிலின் ஆயுள் எழுதப்படுகிறது. சுருள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் இருந்தால், நெருக்கமான சுற்றுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். வெளியே போக வேண்டிய சூடு பக்கத்துச் சுற்றின்மேல் விழுகிறது. அந்த இடம் மற்ற இடத்தைவிட ஐம்பது, நூறு டிகிரி கூட ஏறும். சூடு கூடினால் தோல் வேகமாகத் தடிக்கும். தடித்துத் தடித்து உள்ளே இருக்கிற நல்ல கம்பி மெலியும். மெலிந்த இடத்தில் தடை கூடும். முழுக் கம்பியிலும் ஓடுகிற கரண்ட் ஒன்றுதான் என்பதால், தடை கூடின இடத்தில் சூடு இன்னும் கூடும். இப்படி ஒரு மூலையில் தொடங்கியது தன்னைத் தானே தின்றுகொண்டே போய், ஒரு நாள் பட்டென்று அறும். அறுந்த காயிலை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் பச்சை கலந்த கருப்பில் பொரிந்து போயிருக்கும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஆரோக்கியமாக இருக்கும்.

அதனால் நான் நீட்டும்போது கையால் சும்மா இழுப்பதில்லை. முதலில் தட்டின் பள்ளத்தில் ஒரு நூலை வைத்து, எவ்வளவு நீளம் என்று அளந்துகொள்வேன். காயிலின் ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறு முனையை மெதுவாக அந்த நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்து, விட்டுவிடுவேன். அது எவ்வளவு சுருங்குகிறதோ அதைப் பார்த்து அடுத்த இழுப்பு. ஒரே மூச்சில் இழுத்தால் நடுவில் எங்கேயோ ஒரு இடம் அதிகம் நீண்டுவிடும், அதைத் திரும்ப நெருக்க முடியாது. இதில் அவசரமே கூடாது. நல்ல நீட்டலில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே கம்பியின் தடிமனைப்போல் ஒன்றரை, ரெண்டு மடங்கு இடைவெளி ஒரே சீராகத் தெரியும். கையில் எண்ணெய், வியர்வை இருந்தால் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். வியர்வையின் உப்பும் தோலுக்கு ஆகாது.

அறுந்த காயிலின் ரெண்டு முனையையும் முறுக்கிவிட்டு "ஓடுது பாருங்க" என்று கொடுப்பவர்கள் உண்டு. ஓடும். கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் காயிலுக்குச் சுமார் 26 ஓம் தடை இருக்க வேண்டும், 1000 வாட்ஸுக்கு 53 ஓம். பொரிந்த பகுதியை வெட்டிவிட்டு முறுக்கியதில் பத்தில் ஒரு பங்கு கம்பி போய்விட்டது என்று வையுங்கள். தடை பத்து சதம் குறைகிறது, எரிகிற வாட்ஸ் பதினோரு சதம் கூடுகிறது. கூடின சூட்டைச் சுமக்கிற கம்பியோ குறைந்துவிட்டது. ஆக ஒவ்வொரு அங்குலமும் முன்னைவிட 23 சதம் கூடுதல் சூட்டைச் சுமக்கிறது. அப்புறம் அது எத்தனை நாள் நிற்கும்? முறுக்கின இடமும் சரியாகப் பிடிக்காமல் பொறி விடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம். புதுக் காயிலுக்கு வழியில்லாதபோது செய்கிற வேலை அது, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு நிக்ரோம் ஒரு உபகாரம் செய்கிறது. சூடேறினாலும் அதன் தடை சில சதம்தான் மாறும். அதனால் குளிர்ந்த காயிலை அளந்தாலே எத்தனை வாட்ஸ் என்று சொல்லிவிடலாம். குண்டு பல்பில் இது நடக்காது. 100 வாட்ஸ் பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்திருக்கும்போது அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மீட்டர் சரியாகக் காட்டி, அடுப்பு மட்டும் சிவக்கவில்லை என்றால் காயிலைத் திட்டாதீர்கள், வோல்ட்டேஜைப் பாருங்கள். லைன் கடைசியில் இருக்கிற ஊர்களில், எல்லோரும் மோட்டார் போடுகிற நேரத்தில் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 180-இல் 2000 வாட்ஸ் அடுப்பு 1225 வாட்ஸ்தான் கொடுக்கும். கம்பி இருண்ட சிவப்பிலேயே நிற்கும். வோல்ட்டேஜ் கால்வாசிக்கும் குறைவாகத்தான் இறங்கியது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

காயில் முனை ஸ்க்ரூவில் சேர்கிற இடம் இன்னொரு பழுதுக் களம். கம்பி சிவந்துகொண்டே ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. முனையில் சுருளாக இல்லாத நேர்க் கம்பியைக் கொஞ்சம் விட்டு, அதை மடித்து ரெட்டையாக முறுக்கிக்கொள்ள வேண்டும். ரெட்டைக் கம்பிக்குத் தடை பாதி, சூடும் பாதி, அந்தச் சூட்டை வெளியே விடுவதற்கு இடமோ கூடுதல். அதனால் முனை சிவக்காது, ஸ்க்ரூவும் ஒயரின் ரப்பரும் பிழைக்கும். இங்கே ஈயம் வைத்துப் பற்றவைக்கவே கூடாது, இருநூறு டிகிரிக்கு முன்னாலேயே உருகிவிடும். துத்தநாகம் பூசின ஸ்க்ரூவையும் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பூச்சு உருகி ஏறினால் நிக்கல் கம்பிக்குக் கேடு. பித்தளை ஸ்க்ரூ, பித்தளை வாஷர், இறுக்கமான பிடி. லூஸ் காண்டாக்ட்டில்தான் அடுப்பின் ப்ளக் கருகுகிறது.

இனி உப்பு. கஞ்சி பொங்கிக் காயிலில் வழிவது அடிக்கடி நடக்கிற விஷயம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பும் மாவும் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். சிவந்த சூட்டில் உப்பு குரோமியத் தோலை அரிக்கும். மூடவிடாமல் திரும்பத் திரும்ப அரிக்கும். அதனால்தான் சோறு பொங்கும் அடுப்பின் காயில், தண்ணீர் மட்டும் சுடவைக்கும் அடுப்பின் காயிலைவிடச் சீக்கிரம் போகிறது. பொங்கிவிட்டால் உடனே அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

ப்ளக்கைப் பிடுங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த காயிலில் கம்பியே நேரடியாகக் கரண்டில் இருக்கிறது, தொட்டால் உயிர் போகும். பல வீடுகளில் போர்டில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் காயிலில் கரண்ட் நிற்கும், சிவப்பு மட்டும் இருக்காது. சிவப்பு இல்லையே என்று கரண்டியை விட்டவர்கள் இருக்கிறார்கள். எர்த் இல்லாத ரெண்டு பின் ப்ளக்கில் இந்த அடுப்பைப் போடவே போடாதீர்கள். 2000 வாட்ஸுக்கு எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும், சின்ன 6 ஆம்பியர் ப்ளக்கு தாங்காது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்தது. 2000 வாட்ஸ் அடுப்பு அதை ஐம்பது மணி நேரத்தில் தீர்த்துவிடும், அதாவது நாளுக்கு ஐம்பது நிமிடம். ரெண்டு வேளைச் சமையலை இதிலேயே வைத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கையும் மனதில் வைப்பது நல்லது.

இப்போது, கந்தாலைப் பற்றி நினைவில் வைக்கச் சொன்ன விஷயம்.

பெங்களூரில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் ஒரு தடவை ஒரு பொருளைக் கொண்டு வந்தார். கைக்குள் அடங்குகிற உருளை. "அண்ணா, பேட்டரி நல்லா இருக்குது, ஆனா ஷார்ட்னு காட்டுது. காயில் நானே சுத்துனது. பாத்துச் சொல்றீங்களா?" பழைய மாதிரி வேப், அதாவது மின்சிகரெட். கீழே திரவத் தொட்டி, மேலே சின்ன மேடை. எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கித் தொட்டிக்குள் இறக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற நுனியைச் சுற்றி நாலைந்து சுற்றுக் கந்தால் கம்பி. என் மேசைக்கு வருகிற அத்தனை அடுப்பையும் சுருக்கி விரல் நுனியில் வைத்த மாதிரி இருந்தது.

அந்த வலை அங்குலத்துக்கு 400 இழை உள்ளது. துணிபோல மடங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதிப்படி, கண்ணுக்குத் தெரியாத சந்துகள் வழியாகத் திரவம் மேலே ஏறுகிறது. பஞ்சுத் திரி கருகும், எஃகு கருகாது, அதற்காகத்தான் வலை. ஆனால் எஃகு மின்சாரம் கடத்தும். கம்பியை எஃகின்மேல் சுற்றினால் கரண்ட் ஏன் கம்பி வழியாகப் போக வேண்டும்? பக்கத்திலிருக்கிற வலைக்குள் குதித்துக் குறுக்கு வழியில் போய்விடாதா? போய்விடும். தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

அதைத் தடுப்பதும் தோல்தான்: கம்பியில் மின்சாரம் கடத்தாத அந்த அலுமினாத் தோல், வலையில் தனியாக ஒரு தோல். சுருட்டிய வலையை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, மறுபடி காய்ச்சுவார்கள். பளபளப்புப் போய், பழுப்பும் நீலமும் கலந்து மங்கும். அதுதான் ஆக்சைடு. பேட்டரியின் வோல்ட்டேஜ் அதிகம்போனால் 4.2. அவ்வளவு குறைந்த வோல்ட்டேஜுக்கு அந்த மெல்லிய படலமே காப்பாகப் போதும். 230 வோல்ட் அடுப்பில் இந்த வேலையைச் செய்யப் பீங்கான் தட்டு வேண்டியிருக்கிறது. ஒரே தத்துவம், வோல்ட்டேஜ் மாறியதால் தடிமன் மாறுகிறது.

தம்பியின் திரியை லென்ஸில் பார்த்தேன். வலையை வெட்டின ஓரத்தில் இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டு கம்பியைக் குத்திக்கொண்டிருந்தன. வெட்டின முனையில் தோல் இருக்காது, பச்சை உலோகம். கம்பியையும் இறுக்கிச் சுற்றியிருந்தார், இறுக்கத்தில் இருக்கிற தோலும் வழன்றுவிட்டது. இந்த வகையில் வழக்கமான தொல்லை ஒன்று உண்டு. பட்டனை அழுத்தினால் மேல் சுற்று மட்டும் பளிச்சென்று சிவக்கும், மற்றவை இருட்டாகவே இருக்கும். ஏதோ ஒரு சுற்றில் கரண்ட் வலைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம், மீதிச் சுற்றுகளுக்கு அது போய்ச் சேரவில்லை. ஓம் மீட்டரில் எண் நிலையாக நிற்காமல் ஆடும். இதைச் சுற்றித் தெரிந்தவர்கள் குறைந்த சக்தியில் விட்டு விட்டு அழுத்தி, பீங்கான் முனையால் சுற்றுகளை இம்மி இம்மியாக நகர்த்தி, எல்லாம் ஒரே நேரத்தில் நடுவிலிருந்து சிவக்கிறவரை சரிசெய்வார்கள். அந்தச் சூட்டில் தொட்டுக்கொண்ட இடத்தில் புதுத் தோல் வளர்ந்து பிரித்துவிடும். ஸ்க்ரூவுக்குப் போகிற கம்பி தனியாகச் சிவப்பது இன்னொரு தொல்லை, நம் அடுப்பின் ரெட்டை முறுக்கு இல்லாத முனைதான் அது. திரியைத் தொடாத கம்பிக்குத் திரவத்தின் குளிர்ச்சி கிடைக்காது. மூன்றாவது, வறட்சி. வலையைக் கெட்டியாகச் சுருட்டிவிட்டால் கிளிசரின் கலந்த கெட்டித் திரவம் ஏறாது. திரி இறங்குகிற துளையை அடைத்துக்கொண்டு நின்றாலும் ஏறாது, போன திரவத்தின் இடத்துக்குக் காற்று வர வழி வேண்டும்.

இத்தனையும் சொன்னேன், ஏனென்றால் கேட்டவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் நான். ஆனால் சரிசெய்து தரவில்லை. தமிழ்நாடு 2018-இலேயே இந்த மின்சிகரெட்டைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரில் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பது, விற்பது, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். சரக்காக இருப்பு வைத்தாலும் ஆறு மாதம் வரை உண்டு.

சட்டம் இல்லையென்றாலும் செய்திருக்க மாட்டேன். அதற்குக் காரணம் இந்தத் தோலேதான். அடுப்புக் காயிலில் தோல் உதிர்ந்தால் தட்டில் விழுகிறது, தட்டிவிடுகிறோம். இங்கே கம்பியிலிருந்தும் வலையிலிருந்தும் உதிர்வது எங்கே போகும்? கம்பிக்கும் வாய்க்கும் இடையில் ஒரு விரற்கடைதான். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், வேப் பயன்படுத்துகிறவர்களின் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிட, காயிலைத் தொட்டு வந்த ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் அதிகம் இருந்தது. நான் தினமும் கையாளுகிற உலோகங்கள் இவை. மேசையில் இருக்க வேண்டியவை, நெஞ்சுக்குள் போகக் கூடாதவை. பேட்டரியும் விளையாட்டுச் சாமானில்லை. தடை 0.1 ஓமுக்கு இறங்கினால் 42 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும், விரல் தடிமன் செல் அதைத் தாங்காமல் புகைந்து வெடிக்கலாம்.

"சிகரெட்ட விடத்தாண்ணா இதுக்கு வந்தேன்" என்றார் தம்பி. அதை நான் நம்புகிறேன். விட நினைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. புகையிலையை நிறுத்த உதவுவதற்கென்றே 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். இதை வாசிக்கிற யாருக்காவது தேவைப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் மாவட்டத்துக்கே உரிய பழுது. மார்கழி, தையில் இங்கே விடியற்காலைக் குளிர் பெங்களூருக்குச் சளைத்ததில்லை. ஹீட்டர் ராடு ரிப்பேர் குவிகிற மாதங்கள் அவை. ராடுக்குள் இருப்பதும் நிக்ரோம் சுருள்தான். அதைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடியைக் கெட்டித்து, மேலே உலோகக் குழாய் போட்டிருப்பார்கள். அந்தப் பொடிக்கு ஒரு அபூர்வ குணம், மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டைக் கடத்திவிடும். கம்பி உள்ளே சிவக்கிறது, குழாயைத் தண்ணீர் குளிர்விக்கிறது. கணக்கு நேராக இருக்கிறவரை ராடு பல வருஷம் உழைக்கும்.

கணக்கைக் கெடுப்பது நம் போர் தண்ணீர். பாறைக்குள்ளிருந்து வருகிற கடின நீர். சூடானதும் அதிலுள்ள சுண்ணாம்பு ராடில் வெள்ளையாகப் படிகிறது. முதலில் மாவு பூசினதுபோல, பிறகு ஓடுபோல. உள்ளே கம்பியைக் காப்பதும் ஒரு படலம், வெளியே அதைக் கொல்வதும் ஒரு படலம். சுண்ணாம்பு ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாது. குழாய் உள்ளுக்குள்ளேயே புழுங்கி, ஒரு நாள் வெடிப்பு விடும், அதன் வழியே பொடியில் ஈரம் ஏறும். அப்போதுதான் வாளித் தண்ணீரில் கரண்ட் இறங்கும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், பென்னாகரம் எங்கிருந்து வந்தாலும் ராடின் கதை பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

இதே தண்ணீரில்தான் ஃபுளூரைடும் இருக்கிறது. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியுமாக நம் மக்கள் தலைமுறைகளாகப் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போய்விடும் என்று இன்னும் நம்புகிறவர்களைப் பார்க்கிறேன். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு மிச்சத் தண்ணீரில் இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடுகளில் குடிப்பதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும்.

ராடில் படிந்த ஓட்டைக் கத்தியால் சுரண்டாதீர்கள், குழாயின் முலாம் போய்விடும். சுண்ணாம்புக்குப் புளிப்பு போதும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ராடின் சூடாகும் பகுதியை மட்டும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டால், காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் உதிர்ந்துவிடும். கைப்பிடிக்குள் ஈரம் போகக் கூடாது. குளிர் காலத்தில் மாதம் ஒரு முறை இதைச் செய்தால் ராடின் ஆயுள் கூடும். பிறகு மல்டிமீட்டரில் ரெண்டு முள்ளுக்கும் நடுவில் தடை, முள்ளுக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவில் தொடர்பு எதுவும் இல்லாமை, ரெண்டையும் பார்த்துவிடுங்கள். குழாய்க்கும் முள்ளுக்கும் இடையில் மீட்டர் சிறிதாவது அசைந்தால் அந்த ராடு முடிந்தது, அதைத் திருத்தவும் முடியாது, திருத்தித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்கவும் வேண்டாம். எர்த் முள் மட்டும் குழாயோடு தொடர்பில் இருக்க வேண்டும், அது இல்லையென்றாலும் ஆபத்துதான்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்சிசிபி இல்லையென்றால், ராடு வாங்குகிற காசோடு அதையும் சேர்த்து எலக்ட்ரீஷியனிடம் போடச் சொல்லுங்கள். ராடைத் தண்ணீரில் முக்கிய பிறகுதான் சுவிட்ச். அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் தண்ணீரில் கை. குழந்தைகள் எழுந்து வருவதற்கு முன்னால் ராடைச் சுவரில் உயரமாக ஒரு ஆணியில் மாட்டிவிடுங்கள்.